மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமைகள்

"அக்கா, உங்க மழை நல்ல வேதக்கார மழை லா! ஞாயித்துக்கிழமை பேயவே மாட்டேங்குது" என்று கண்மணி சிரித்தாள்.

கண்மணி எங்கள் வானிலை ஆய்வுப் பிரிவில் டைப்பிஸ்ட். அன்று 1984 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை நான் மணிலா மாநாட்டுக்குப் பறக்க வேண்டும். பதினேழு வருட வேலையில் இதுவே முதல் தடவை. அதுவரை நான் போட்ட வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு ஆண்கள்தான் விமானம் ஏறினார்கள்.

நான் கண்டுபிடித்தது இதுதான்: ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் பெருமழை, சிங்கப்பூரில் 1969க்குப் பிறகு கிடுகிடுவென்று கூடியிருக்கிறது. ஆதாரம் ஒரு நீர்த்தேக்கத்து மழைமானியின் பதிவேடு. மற்ற இடங்களில் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. இதில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. 1968 வரை அதை எழுதியவர் வேறொருவர்; 1969இலிருந்து 1979 வரை எழுதியவர் என் அப்பா இஞ்ஞாசி. அவரோடு அந்த மானிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

"என்னடி உளறுற?" என்றேன்.

"நீங்களே பாருங்க. சிலுவை போட்ட நாள் எல்லாம் ஞாயித்துக்கிழமை. எல்லாத்துக்கும் சைபர்."

சிலுவையா? அதை நான் ஐந்து வருடமாகக் கூட்டல் குறி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! ஞானஸ்நானம் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை, தேங்காய் உடைக்கிற கண்மணிக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்நூற்று எழுபத்து நான்கு ஞாயிறுகளையும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு தூறல்கூட இல்லை. 

டாக்சி பிடித்துத் தேக்காவில் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அப்பா சந்தையில் வாங்கிய இறாலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை மானியைப் போய்ப் பார்க்கலையா?"

"ஞாயித்துக்கிழமை எப்படிம்மா வேலை செய்யறது? கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாள்லயும் போகமாட்டேன்."

"அப்ப ஏம்ப்பா சைபர் போட்டீங்க?"

"பார்க்கலைன்னா ஒண்ணுமில்லைதானே? ஒண்ணுமில்லைன்னா சைபர்தானே? ஆனா திங்கக்கிழமை போனதும், கிடந்த தண்ணியை ஒரு சொட்டு சிந்தாம அளந்து எழுதிடுவேன். மாசக் கணக்கு கச்சிதமா இருக்கும், பாரு."

அடப்பாவமே! இரண்டு நாள் மழை திங்கட்கிழமைக் கணக்கில் ஒன்றாக ஏறியிருக்கிறது. வானம் மாறவே இல்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். நான் உலகத்துக்குச் சொல்லப் புறப்பட்ட பெருமழை, அப்பா பூசைக்குப் போன கதை.

"என் மானத்தை வாங்கிட்டீங்களேப்பா!" என்று கத்திவிட்டேன். அவர் இறாலைக் கீழே வைத்துவிட்டார். 

மறுநாள் என் மேலதிகாரி தியாகராசாவிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஒருத்தருக்கும் தெரியாது, மிஸ். பேசாமல் போய் வாசிச்சிட்டு வாங்கோ. மாநாட்டில அப்பாட பேரையும் கெடுக்கப் போறீங்களோ?"

 வீட்டுக்கு வந்து அந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். 

"என் பேரைப் போட்டே சொல்லு, அல்போன்சா" என்றார். "பொய்ச்சாட்சி சொல்லாதேன்னும் ஒரு கட்டளை இருக்குல்ல."

மணிலாவில் நான் வாசிக்க வேண்டிய கட்டுரையை வாசிக்கவில்லை. எங்கள் தீவில் பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை, எழுதியவர் என் அப்பா, கவனிக்காதவள் நான் என்று சொன்னேன். அரங்கம் வெடித்துச் சிரித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

தேநீர் இடைவேளையில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். தம் நாட்டின் நீரியல் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவர். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். 

"எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை" என்றார். "வேலைக்குச் சேர்ந்த புதிதில் மானியைப் பார்த்தவன் நான்தான். சனிக்கிழமை காலையில் போய், கிடந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சைபர் போடுவேன்."

"கொட்டிவிடுவீர்களா? அளக்காமலா?"

"உங்கள் அப்பா போல எனக்குத் தோன்றவில்லை, மேடம்" என்றார். "அந்தக் குறைந்த கணக்கை நம்பித்தான் அணை கட்டியிருக்கிறோம். கீழே நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள்."