ஒயர் வைத்த கன்ட்ரோலர்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னக்குட்டி. ஆள் என்னவோ வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பிறந்த அன்று யாரோ கொஞ்சிக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளை வேறு டிப்போவுக்கு மாற்றியபோது, வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கும்வரை அண்ணன் வீட்டில் தங்குவது என்று முடிவானது.

அண்ணிக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அண்ணிக்கு வேலை. பொறுமைசாலி என்று அங்கே பெயர். ஆனால் கல்யாணத்தன்று இந்த நாத்தனார் யாரிடமோ, "பொண்ணு அண்ணன் தோளுக்குக்கூட எட்டாது போலிருக்கே" என்று சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது. அன்றிலிருந்து தன்னைவிட இளையவளை "நீங்க, வாங்க" என்றே பேசிவந்தாள். கேட்பவர்களுக்கு அது மரியாதை. இரண்டு பேருக்கும் மட்டும் அது என்னவென்று தெரியும்.

அண்ணன்காரனுக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அவன் கிளம்பிப் போனபின் ஒரு சோபா, இரண்டு பெண்கள், எதிரே ஒரு டிவி. அதனடியில் அண்ணியின் கேம் கன்சோல். ஒரு சாயங்காலம் அண்ணி பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் அதைப் போட்டாள். இரண்டு பெயின்டர்கள் ஒரே ஏணியை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாண்டிப் போகிற விளையாட்டு. ஒருத்தர் விழுந்தால் மற்றவரும் சேர்ந்து விழவேண்டியதுதான்.

"இது ரெண்டு பேர் ஆடுறதா அண்ணி?" என்றாள் சின்னக்குட்டி.

"ஆமா. ஆனா ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கு."

இந்த உரையாடலை மறுநாள் கேள்விப்பட்ட அண்ணன்காரனுக்கு வாயெல்லாம் பல். மனைவியும் தங்கையும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதே அவனுக்குப் போதும். உடனே ஆன்லைனில் தேடி, கன்சோல் கம்பெனியுடையது விலை அதிகம் என்று, பெயர் தெரியாத வேறொரு கம்பெனியின் கன்ட்ரோலரை வரவழைத்தான். இருப்பதிலேயே மலிவானது. ஆன் செய்ததும் சிவப்பு, பச்சை, நீலம் என்று கல்யாண மண்டப வாசல் மாதிரி மினுக்கியது.

விருந்தாளிக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்று அண்ணி ஒரிஜினலை நாத்தனார் கையில் தந்துவிட்டு மினுக்குகிறதைத் தான் வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. மூன்றாம் நாள் அண்ணியின் பெயின்டர் இடதுபக்கமாக நகர்ந்து நகர்ந்து விளிம்பிலிருந்து விழுந்தான். ஏணியோடு சின்னக்குட்டியின் பெயின்டரும் போனான். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி விழுந்தார்கள். நாலைந்து தடவை ஆனதும் சின்னக்குட்டி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள்.

"என்கூட ஆடப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க அண்ணி. இப்படி வேணும்னே விழவேண்டாம்."

அண்ணிக்குச் சுருக்கென்றது. "நான் எதுக்கு வேணும்னே விழணும்?"

"உங்களுக்கு எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி கையிலிருந்ததை மெதுவாக டீப்பாய் மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். திரையில் பெயின்டர், யாரும் தொடாமலே, தூக்கத்தில் நடப்பவன்போல இடதுபக்கம் நடந்தான். விளிம்புக்கு வந்தான். விழுந்தான்.

இருவரும் அந்தக் காலி மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, இந்தக் கட்டைவிரல் ஸ்டிக் போச்சு அண்ணி," என்று சின்னக்குட்டி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கையை விட்டதும் இடதுபக்கம் இழுக்குது பாருங்க. எங்க டிப்போல இப்படி ஒரு வண்டி இருக்கு, யாரும் எடுக்கமாட்டாங்க." பிறகு, "நான் வேற உங்கள... மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் அண்ணி. ஆனால் உள்ளே ஏதோ லேசானதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேறு கன்ட்ரோலர் வாங்க இருவருமே கடைக்குப் போனார்கள். செல்போன் கவர்களும் ஹெட்ஃபோன்களும் சரம்சரமாகத் தொங்கும் குறுகலான கடை. கடைக்காரப் பெண்மணி சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்ன டிவியும் கன்சோலும் வைத்திருந்தாள்.

"ஒரிஜினல் வேண்டாம்னா இந்த வரிசை முழுக்கப் பாருங்க. அழகைப் பார்த்து வாங்கினா திரும்பி என்கிட்டதான் சண்டைக்கு வருவீங்க, இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.

முதலில் எடுத்தது ஒயர் இல்லாதது, இளநீலம். அண்ணி பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். பல் செட்டைச் சரிபார்க்கும்போது எங்கே உறுத்தும் என்று தடவித் தேடுகிற விரல்கள் அவை. "இந்த ஒண்ணு மட்டும் உள்ளேயே மாட்டிக்குது," என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது கனமானது, பின்பக்கத்திலும் பட்டன்கள். சின்னக்குட்டியின் உள்ளங்கைக்கு அது அளவெடுத்துச் செய்தாற்போல இருந்தது.

"இது வேண்டாம்," என்று அவளே ஒதுக்கினாள். "அண்ணி கை சின்னது. எட்டாது."

கல்யாணத்தன்று கேட்ட அந்தப் பழைய சிரிப்பு அண்ணிக்கு ஒருகணம் மறுபடி காதில் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். சின்னக்குட்டி யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை; வரிசையில் குனிந்து, சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று புருவத்தைச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிற வாய், அவ்வளவுதான். எட்டாது என்றால் எட்டாது.

"அந்தச் சாம்பல் கலர் எப்படி?" என்றாள் அண்ணி.

அதை யாரும் ஆசைப்பட்டு எடுத்திருக்கமாட்டார்கள். சோப்புக் கட்டி மாதிரி ஒரு வடிவம், வால்போல ஒரு ஒயர். விளக்கும் இல்லை, மினுக்கலும் இல்லை. கடைக்காரி அதைக் கன்சோலில் செருகினாள். சின்னக்குட்டி ஸ்டிக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள். திரையில் அம்புக்குறி அசையாமல் நின்றது. மறுபக்கம் சுற்றிவிட்டாள், நின்றது. "கையை விட்டா நேரா நிக்குது. வண்டி சுத்தம்," என்றாள். அண்ணியின் விரல்களும் எல்லாப் பட்டனுக்கும் சிரமமில்லாமல் போய்வந்தன.

"கொஞ்சம் ஆடிப் பாத்துட்டே எடுங்க," என்று கடைக்காரி இன்னொரு கன்ட்ரோலரையும் கொடுத்தாள்.

நின்றபடியே ஆடினார்கள். கடையிலிருந்தது ஓட்டப் பந்தய விளையாட்டு. அதில் இருவருடைய ஆட்களையும் ஒரே கயிற்றால் கட்டிவிட்டிருந்தது. முதல் பள்ளம் தாண்டினார்கள், இரண்டாவதும் தாண்டினார்கள். மூன்றாவது அகலமானது. சின்னக்குட்டி தயங்கினாள்.

"குதிடி! குதிச்சுத் தொலை! நான் இருக்கேன்ல!"

கடையே திரும்பிப் பார்த்தது. சின்னக்குட்டி குதித்தாள்; கயிறு இழுத்தது; இருவரும் அந்தப் பக்கம் போய் விழுந்தார்கள். அதன்பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அண்ணிக்கு உறைத்தது. இத்தனை வருஷம் "நீங்க" என்றவள், கடைத்தெருவில் நாலு பேர் நடுவில், "டி" போட்டுவிட்டாள்.

சின்னக்குட்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அப்பாடா. இனிமே 'வாங்க போங்க' கிடையாதே? ஒவ்வொரு தடவையும் டிக்கெட் இல்லாம ஏறின மாதிரியே இருக்கும் எனக்கு."

அண்ணி சிரித்த சிரிப்பில் கடைக்காரியும் சேர்ந்துகொண்டாள். சாம்பல் கலரையே கட்டித்தரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒயர் சோபாவரை வரவில்லை. "அளந்து பாக்காம வந்துட்டமே," என்று அண்ணி நொந்துகொள்வதற்குள் சின்னக்குட்டி தலையணைகளை எடுத்துத் தரையில் போட்டாள். டிவிக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபின் உயர வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவும் இல்லை. ஏணியோடு மாடிமாடியாகப் போனார்கள். அன்று இருவரும் விழுந்தது சின்னக்குட்டி தும்மியதால் மட்டும்தான்.

கூச்சலில் எழுந்துவந்த அண்ணன்காரன் கதவில் சாய்ந்து கண்ணைக் கசக்கினான். "புரோக்கர் போன் பண்ணினார். டிப்போ பக்கத்துல ஒரு வீடு காலியாம். இன்னைக்கே வந்து பாக்கச் சொல்றார் குட்டி."

சின்னக்குட்டி விளையாட்டை நிறுத்தினாள். "நான் போய்ட்டு வந்துடறேன் அண்ணி."

"நீ போய் என்னத்தைப் பாப்பே? சுவத்தோட கலரைப் பாத்துட்டுச் சரின்னுட்டு வந்துடுவே," என்று அண்ணி எழுந்து தலையை முடிந்துகொண்டாள். "குழாயைத் திறந்து பாக்கணும், ஜன்னல் சாத்துதான்னு பாக்கணும். இரு, நானும் வரேன். என்னங்க, அடுப்புல குக்கர் இருக்கு, ரெண்டு விசில் வந்ததும் அணைச்சிடுங்க."