கொம்பில் ஏறிய சிவப்பு

"ஈ ஜத எவரிதி?"

இந்த ஜோடி மாடு யாருடையது என்று கடன் சங்கத்துச் சூப்பர்வைசர் தெலுங்கில் கேட்டார். பதில் சொல்ல கோவர்த்தனனுக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

ஜோடியில் மயிலை அவனுடையது. செவலை ரத்தினம்மாவுடையது. ஒற்றை மாட்டுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஏர் பூட்டுவது பிச்சாட்டூர்ப் பக்கத்தில் வழக்கம், கூட்டேர் என்பார்கள். புருஷன் போனதிலிருந்து ரத்தினம்மா அவனோடுதான் கூட்டேர்.

எல்லைக்கோடு மாறி ஊர் ஆந்திராவுக்குப் போன வருஷம் அது. பழைய கடன் சங்கம் திருவள்ளூரோடு நின்றுவிட்டது. புதுச் சங்கத்தில் வேர்க்கடலை விதைக்குக் கடன் வேண்டுமானால் ஜோடி மாடு காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் புத்தூர் மண்டிக்கார முனியப்பன் விதை கொடுப்பான். அறுப்பில் அவன் சொன்னதுதான் விலை.

இரண்டு பேர் பெயரிலும் ஒரே கடனாக எழுதி, விதையைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் காலையில் யாரோ கிளப்பிவிட்டார்கள், கூட்டுப் பெயரில் கடன் கேட்டால் தள்ளிவிடுகிறார்களாம் என்று. ரத்தினம்மா இன்னும் வந்து சேரவில்லை.

"நாதே சார்," என்றான். என்னுடையதுதான்.

ஒரே மாட்டை இரண்டு பேர் காட்டிவிடக் கூடாதென்று சேவகன் நாலு கொம்பிலும் சிவப்புப் பெயின்ட் பூசினான். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் செவலை யாருடையது என்று தெரியும்.

அப்போதுதான் ரத்தினம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வேகமாக வந்தாள். செவலை அவளைக் கண்டதும் கழுத்தை நீட்டியது. கொம்பைத் தொட்டதும் பெயின்ட் அவள் கையில் ஒட்டியது. கொம்பைப் பார்த்தாள், கோவர்த்தனனைப் பார்த்தாள். அவன் மாட்டின் தும்புக் கயிற்றைப் பிரித்துப் பிரித்து முடிந்துகொண்டிருந்தான்.

உன் மாடு எங்கேம்மா என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"எங்கிட்ட மாடு இல்லீங்க," என்றாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம், மண்ணை வாரி இறைத்திருக்கலாம். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது அவனுக்கு. சூப்பர்வைசர் மோர் குடிக்க உட்கார்ந்தபோது, கூட்டத்துக்கு நடுவிலேயே போய் நின்று, செவலை தன்னுடையதல்ல என்று சொன்னான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வைத்தார்கள்.

கூட்டுக்கும் கடன் உண்டே, யார் இல்லையென்றது என்று அவர் சலித்துக்கொண்டார். அந்தம்மா வந்து கைநாட்டு வைத்தால் சரி, ஆனால் மோர் குடித்து முடித்ததும் ஜீப் கிளம்பிவிடும் என்றார்.

ஓடினான். புத்தூர் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றிருந்தது. ரத்தினம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். முனியப்பனிடம்தான் போகிறாள், கையில் காலிச் சாக்கு.

"அக்கா, எறங்கு. உண்மைய சொல்லிட்டேன். ரெண்டு பேர் பேர்லயும் எழுதறாங்க."

கண்டக்டர் அவசரப்படுத்தினான். அவள் இறங்கினாள். அவனைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். வழியெல்லாம் அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டே பின்னால் போனான்.

அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தபோது, ஏற்கெனவே இருந்த சிவப்போடு நீலமும் சேர்ந்தது. ஜீப் போயிற்று. விதை உறுதி.

அவள் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"விதைப்பு முடியற வரைக்கும் பூட்டிக்கோ. அப்பறம் எம் மாட்ட அவுத்துக்கினு போயிடறேன்."

"அக்கா..."

"வேணும்னு கேட்டிருந்தா என் பங்கு விதையையும் குடுத்திருப்பேன், கோவர்த்தனா."

தும்புக் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் மேல்துண்டை எடுத்து செவலையின் கொம்பைத் துடைத்தான். பெயின்ட் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.