ரிமோட்டும் கறுப்புத் தகடும்

சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கியின் பின்னால் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம். போட்டியில் இரண்டு குழுக்கள். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு இரண்டையும் பார்த்து முடிவு சொல்லும். எங்களுடையது, சூரியனின் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராஃப். வடிவமைத்தவள் நான். நான்கு வருட உழைப்பு. ஆனால் மாதிரிப் பெட்டியில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் எங்கிருந்தோ ஒரு வெளிச்சக் கறை. மூன்று மாதமாக லென்ஸைக் கழற்றி மாட்டி, கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை, மாமியார் டீ டம்ளரை என் மேஜையில் வைத்தார். பெட்டியின் உட்சுவருக்கு நான் தேர்ந்தெடுத்த கறுப்புத் தகட்டின் மேல்.

“அத்தை, அது சாம்பிள்!”

“நல்ல கறுப்பு, டீ சிந்தினாலும் தெரியாது. அதை விடு. இந்த ரிமோட்டுக்கு உயிர் இருக்கான்னு பாரு, சீரியல் ஆரம்பிச்சிருக்கும்.”

ரிமோட்டின் ஒளியும் அகச்சிவப்புதான். கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குத் தெரியும். கேமரா வழியே பார்த்தபடி பொத்தானை அழுத்தினேன். ரிமோட் எரிந்தது. கீழே தகட்டிலும் இன்னொரு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கண்ணுக்குக் கறுப்பு, அகச்சிவப்புக்கோ முகம் பார்க்கும் கண்ணாடி! படத்தில் விழுந்த கறை இதிலிருந்துதான். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. டிவி ஓடாததற்கு ரிமோட் காரணமில்லை, பிளக்கைப் பிடுங்கிப் போட்டதும் நான்தான் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் குழுத் தலைவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“வெள்ளிக்கிழமை வாயத் திறக்காதீங்க. கறையை அழிச்சுட்டுப் படத்தைக் காட்டுவோம். இடம் கிடைச்சதும் தகட்டை மெதுவா மாத்திக்கலாம்.”

“அப்ப நாம காட்டற படம் பொய் சார். நான் சொல்லத்தான் போறேன்.”

வெள்ளிக்கிழமை ரிமோட்டோடு போனேன். தேர்வுக் குழுத் தலைவியின் போனிலேயே அந்த வெளிச்சத்தைக் காட்டினேன்.

“இந்தத் தகட்டை யார் தேர்ந்தெடுத்தது?”

“நான்தான் மேடம். ஆறு வாரம் குடுங்க. வேற பூச்சு போட்டு, கறை இல்லாத படத்தோட வர்றேன்.”

நான்கு வருடமும் போச்சு என்று நினைத்தேன். தலைவி ரிமோட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். அரை மணி நேரத்துக்கு முன் ‘ஒரு குறையும் இல்லை’ என்று பேசி முடித்த எதிர்க் குழுவின் பெட்டிக்குள் அதை நீட்டி அழுத்தினார். போனில் பெட்டி முழுக்க வெளிச்சம்.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

அவர்கள் அவசரமாகப் பெட்டியை மூடினார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஆறு வாரம். அதுவரைக்கும் இடம் உங்களுக்காகக் காத்திருக்கும். இந்த ரிமோட் மட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

ஆறு வாரமும் அத்தை எழுந்து போய்த்தான் சேனல் மாற்ற வேண்டும். அன்று மதியமே பெட்டியின் முதல் திருகைக் கழற்றினேன்.