துடைப்ப பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிய கதையாக இருந்திருக்க வேண்டியது. முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்தியதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

அன்றைக்குச் சாலையில் வேறு வண்டியே வராதபடி அடைத்து, எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் ஒரு பஸ் வரும். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது யாரை முந்துகிறதோ அவர் அதில் ஏறிவிட வேண்டும். அதற்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். துடைப்பம் என்னை அள்ளியபோது முன் சீட் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருவரின் கதையை எழுதத் தொடங்கினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "காற்றைக் கிழித்துக்கொண்டு அவர் பாய்ந்த

பொய். அவர் பாயவில்லை, நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு நூறு மீட்டர் முன்னால், ஈ காக்கை இல்லாத சாலையில், சிவப்பு சிக்னலுக்காக ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பஸ் நெருங்கும் நேரத்தில் பச்சை விழுந்தது. ஒரே அழுத்து, ஆள் போய்விட்டார்.

"அது எங்க மாமா," என்றார் டிரைவர். "அக்கா வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷம் இதே ரோட்டுல பஸ் ஓட்டினவர். இன்னைக்கு சிக்னல் கணக்கில்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கால் கேக்க மாட்டேங்குது."

"நீங்க நிக்கலையே?"

"நான் என்னைக்குங்க சிக்னலுக்கு நின்னேன்?"

(ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பிரேக் போட்ட காலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

3

இங்கே எனக்கே சந்தேகம். தோற்றால்தான் என்ன? பஸ்ஸில் ஏறி ஜம்மென்று வரலாமே. பாத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டும். பஸ்ஸில் ஏறினால் மீசையை எடுத்துவிடுவதாக அவர் சபதம் போட்டார் என்று எழுதினேன். சினிமா வாடை வீசியது. அடித்துவிட்டேன்.

நிஜக் காரணத்தை டிரைவரே சொன்னார். ரத்த அழுத்தம் என்று மாமாவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டெப்போவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தினமும் நாலு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். (மாமா மொத்தமாகச் சேர்த்து ஓட்டிவிடத் தீர்மானித்தார்.) "முடியலைன்னா தம்பி பஸ்ஸுல ஏறிக்கோங்க" என்று அக்கா சொல்லப்போக, அவருக்கு வந்ததே கோபம்!

"ஊரையே ஏத்தி இறக்கினவன்டி நான். என்னை எவனும் ஏத்திட்டுப் போக வேணாம்."

இதை நான் ஜோடிக்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

4

எழுபத்தோராவது கிலோமீட்டர். மறுபடி சிவப்பு, மறுபடி கால் தரையில். பஸ்ஸுக்கும் அவருக்கும் இருபது மீட்டர்தான். எழுதுகிறவன் தன் கதைக்குள் கையை விடலாமா கூடாதா என்று நாலு பக்கம் கட்டுரை எழுதலாம். அதற்கெல்லாம் நேரமில்லை. தலைக்கு மேலிருந்த பெல்லை அழுத்தினேன்.

டிங்.

பஸ் நின்றது! சிவப்பைக் கண்டு அசராத மனுஷர், பெல் சத்தத்துக்கு அப்படியே அடங்கிவிட்டார்.

"யாருங்க இறங்கணும்?"

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அதற்குள் பச்சை விழுந்து, மாமா பறந்துவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பஸ்ஸில் நாங்கள் பதினொரு பேர், எல்லாம் சுளுக்கும் பஞ்சருமாக அள்ளப்பட்டவர்கள். சிவப்பு வந்தால் டிங். முழங்காலைத் தேய்த்துக்கொண்ட பல் டாக்டர் ஒருவர், "நீங்க ரெண்டு தடவை அடிச்சிட்டீங்க, இப்ப என் முறை" என்று என்னோடு சண்டைக்கே வந்தார்.

டெப்போவிலிருந்து போன் வந்தது. "ஏன்யா நின்னு நின்னு போற?"

"பெல் அடிக்கிறாங்க சார். அடிச்சா நிக்கணும்ல?" போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இனி எவனாவது பெல்லைத் தொட்டீங்க, கை இருக்காது!"



5

முடிவு, அ: பஸ் முந்துகிறது. மாமா தலையைக் குனிந்தபடி படியேறு

என்னால் முடியாது.

முடிவு, ஆ: கைதட்டலுக்கு நடுவே அவர் கோட்டைத் தாண்ட, அக்கா கண்களில் ஆனந்தக்

சர்க்கரை அதிகம். அவருக்கு ரத்த அழுத்தம் வேறு.

நான் பார்த்தது இவ்வளவுதான். கடைசி சிக்னல். அதைத் தாண்டி இருநூறு மீட்டரில் முடிவுக் கோடு. சிவப்பு. மாமா காலை ஊன்றிவிட்டார். ஓரத்தில் நின்றவர்கள் "போங்கண்ணே, போங்க!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். "பச்சை விழட்டும், இருங்க" என்று அவர் கையைக் காட்டுகிறார். பஸ்ஸுக்கும் அவருக்கும் முப்பது மீட்டர். இருபத்தைந்து. நாங்கள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்க்கிறார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க," என்று அதட்டுகிறார், "ஒருத்தர்கூட இறங்கலையா?"

எனக்குத் தொடை மறுபடி பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. பல் டாக்டர் அழுதுகொண்டிருக்கிறார். நீங்கள் இவ்வளவு நேரமாகச் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்கள் தலைக்கு மேலேயும் ஒரு பெல் இருக்கிறது.