நாற்பத்தாறு வெள்ளை

கயிற்றில் ஐம்பது முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் மெஜுமா முங்குவாள், அடியில் இருக்கும் பவளத்தைப் பார்ப்பாள், தலையைத் தூக்கி உசிரா வெள்ளையா என்று சொல்வாள். தோணியில் உட்கார்ந்து மிஷி பலகையில் குறிப்பாள். கடலை ஆராய வந்த மொம்பாசாக்காரர்கள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன கணக்கு இது.

"உசிர்."

"அடுத்தது?"

"அதுவும் உசிர்தாங்க்கா."

முப்பது தாண்டியும் உயிர்தான். இரண்டு மாதமாகக் கடல் உலைத்தண்ணீராகக் கிடக்கிறது. பக்கத்து ஊர்ப் பவளத்திட்டுகள் எல்லாம் சூட்டில் வெளுத்தாயிற்று. இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? மிஷி முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கீழே சுண்ணாம்பு அடித்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஏன்டி பொய் சொன்னே?"

"உங்கிட்ட எந்த வாயாலக்கா சொல்றது? கசிம் அண்ணன் இதுக்காகத்தானே போனாரு."

உண்மைதான். இந்தத் திட்டில் வலை போடக்கூடாது என்பது எட்டு வருடமாக ஊர்க்கட்டு. தெற்கிலிருந்து கூசிக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்கூட வெளிக்கடலுக்குத்தான் போக வேண்டும். போன வருடம் அப்படிப் போன அவள் புருஷன் கசிம் திரும்பவில்லை. அன்றிலிருந்து மரவள்ளிக்கிழங்கில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட மிஷிக்குத் தெரிவதில்லை. இப்போதும் அழுகை வரவில்லை. குறித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். நாற்பத்தாறு வெள்ளை.

அஸர் தொழுகை முடிந்ததும் கரையில் ஊர் கூடியது. தலைவர் ஹமிசி பலகையைப் பார்த்தார்.

"செத்துப்போச்சா? அப்புறம் எதுக்குக் காவல்? தொறந்துடலாம்."

"சாகல," என்றாள் மிஷி. "தண்ணி சூடு தணியற வரைக்கும் யாரும் மிதிக்காம, வலை இழுக்காம இருந்தா பாதியாவது பொழைக்கும்."

"அப்போ மூடியே இருக்கட்டும்."

ஒருவரும் எதிர்க்கவில்லை. கசிமின் மனைவி முன்னால் யார் வாயைத் திறப்பது? மெஜுமாவின் புருஷன் ரஷீத் குனிந்த தலை நிமிராமல் தோணியின் கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தான். கூசி தொடங்கி மூன்று நாளாகிறது. நாளைக்கு அவன் வெளிக்கடலுக்குப் போக வேண்டும். மெஜுமா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'உசிர்' என்று இவள் சொன்ன பொய்யை நம்பியிருந்தால் திட்டு மூடித்தான் இருந்திருக்கும், போகிறவன் இவள் புருஷன். பைத்தியக்காரி, அதைத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். மிஷிக்கு உதட்டில் உப்புக் கரித்தது. ஒரு வருடத்தில் முதல் தடவை.

"தொறந்துடுங்க," என்றாள்.

"பொழைக்கும்னியேம்மா?"

"இப்ப தொறந்தா பொழைக்காது. தெரிஞ்சுதான் சொல்றேன். கூசி ஓயற வரைக்கும் எல்லாரும் உள்ளயே வலை போடுங்க."

"அப்போ கசிம் போனது?" என்று கேட்டுவிட்டு ஹமிசி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இத்தனை நாளும் மிஷி தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளாத பதில் அது.

"வீணாத்தான் போச்சு. அவரோட நிக்கட்டும்."