குரூப்பில் போட்ட மன்னிப்பு

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். வெல்டிங் பட்டறை நடத்தும் பெரியவன், அவன் மனைவி, அவனைப் பெற்ற உம்மா, அவன் தங்கச்சி, ஹஜ்ஜுக்கு ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி, அழைக்காமல் வந்த தம்பி சின்னவன். வாசலில் நின்று பார்த்ததாகவும் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகவும் சொல்கிற யாரும் அங்கே இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

பெரியவன் யாருக்கும் தலை வணங்கிப் பழகாதவன். வாயைவிடக் கை முந்திவிடும். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு பட்டறையில் பங்கு கேட்டு வந்த சின்னவனை, வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க இரும்புக் குழாயால் அடித்தான். இடது மணிக்கட்டு முறிந்து, சேரும்போது கோணலாகச் சேர்ந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சின்னவனுக்கு ஸ்டியரிங் பிடிபடாமல் போய், வேலையும் போயிற்று. அதற்குப் பின் இருவருக்கும் பேச்சில்லை.

இப்போது உம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு பெரியவனுடையது. உம்மாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. இந்த வருஷம் விட்டால் அவர் போவது சந்தேகம்தான். ஆனால் அவர் ஒரே பிடியாக நின்றார். ஹஜ்ஜுக்குப் போகிறவன், தான் நோகடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

“சின்னவன் அவன் வாயால மன்னிச்சேன்னு சொல்லணும். இல்லேன்னா உன் கையப் புடிச்சுக்கிட்டு நான் கஃபாவச் சுத்த மாட்டேன்.”

“சரிம்மா, கேட்டுடறேன்,” என்றான் பெரியவன்.

கேட்டான், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். ‘ஹஜ்ஜுக்குச் செல்கிறேன். தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் அனைவரும் மன்னிக்கவும்.’ மச்சான்மார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். யாரோ ஒரு பூங்கொத்துப் படம் போட்டார்கள். சின்னவன் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. “பாத்துட்டானில்ல, அப்ப சரின்னு அர்த்தம்,” என்று பெரியவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த வாரமே இஹ்ராம் கட்டப் பழக்கிக்கொடுக்க வழிகாட்டி வந்தார். தைக்காத வெள்ளைத் துணி இரண்டு. இடுப்பில் ஒன்று, வலது தோளைத் திறந்துவிட்டு மேலே ஒன்று. அறை நடுவில் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கஃபாவாக வைத்து, அதைச் சுற்றிவரச் சொன்னார்.

“பெல்ட்ட நல்லா இறுக்குங்க. கூட்டத்துல துணியப் புடிக்கிறதா, உம்மாவப் புடிக்கிறதா?”

“கடைசி ஓட்டையில மாட்டியாச்சு.”

“வயிறு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?” என்றாள் தங்கச்சி.

வழிகாட்டி சிரிக்கவில்லை. “இதுக்குள்ள வந்துட்டா சண்டை கூடாது, ஏச்சு கூடாது. எறும்பக்கூட நசுக்கக் கூடாது.”

“அப்ப இவருக்கு வருஷம் பூரா இதையே கட்டிவிடுங்க,” என்றாள் மனைவி.

கதவை உதைத்துக்கொண்டு சின்னவன் வந்தான். வலது கையில் இரும்புக் குழாய். கோணல் மணிக்கட்டை அண்ணனின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“தெரிஞ்சோ தெரியாமலோவா? இத நீ தெரியாமலா ஒடச்சே?”

பெரியவன் பதில் சொல்வதற்குள் குழாய் திறந்திருந்த தோளில் விழுந்தது. அடுத்த அடி வாயில். பல்லோடு ரத்தம் மார்பில் வழிந்தது. மனைவி அலறினாள். குறுக்கே பாய்ந்த தங்கச்சியைச் சின்னவன் முழங்கையால் தள்ள, அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள்.

பெரியவன் பக்கத்திலிருந்த மர ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். தினமும் இரும்பு தூக்கும் கை அது. இறக்கினால் தம்பியின் மண்டை தாங்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்கினான்.

“இஹ்ராம்!” என்று கத்தினார் வழிகாட்டி. “இஹ்ராம்ல இருக்கீங்க!”

ஸ்டூல் அந்தரத்தில் நின்றது. பெரியவன் குனிந்து தன் துணியைப் பார்த்தான். உம்மாவைப் பார்த்தான். ஸ்டூலை மெதுவாகத் தரையில் வைத்து, அதன் முன் மண்டியிட்டு, தன் இடது கையை அதன்மேல் நீட்டினான்.

“இந்தா. ஒடச்சுக்க. கணக்கு சரியாயிடும்.”

“உன் கை எவனுக்கு வேணும்? வாயத் தொறந்து கேளு.”

பெரியவன் பல்லைக் கடித்தான். கையைக் கொடுப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

குழாய் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது. பெரியவன் கத்தவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. சின்னவன் அழுதுகொண்டே மறுபடியும் குழாயை ஓங்கினான்.

அப்போதுதான் உம்மா எழுந்தார். நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் கைகொடுக்க வேண்டிய உம்மா, யார் கையும் இல்லாமல் எழுந்து வந்து, ரத்தம் வழிகிற பெரியவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

“கேளுடா! என்ன விட்டுட்டாப் போகப் பாக்குற? கேளு!”

பெரியவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். “தெரிஞ்சேதான்டா அடிச்சேன். வேலக்காரங்க பாக்கட்டும்னே அடிச்சேன். என்ன மன்னிச்சுடு.”

சின்னவன் குழாயை வீசி எறிந்தான். அது அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

“மன்னிச்சேன் அண்ணே. உம்மா கால் தடுக்காம பாத்துக்க.”

உம்மா திரும்பி அவனையும் ஓர் அறை அறைந்தார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காயும்வரை வழிகாட்டி கூடவே உட்கார்ந்திருந்தார். “சும்மா பழகக் கட்டின துணிதான் அது. ஹஜ்ஜுக்குன்னு மனசுல நிய்யத் வெக்கலையே. நீங்க திருப்பி அடிச்சிருந்தாலும் இஹ்ராமுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

“இத அப்பவே சொல்லியிருந்தா அவன முடிச்சிருப்பேன்.”

“அதான் அப்ப சொல்லல.”

பெரியவன் மாவுக்கட்டோடு போனான். உம்மா அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு கஃபாவைச் சுற்றினார். இருவரையும் விமானமேற்ற வந்தவன் சின்னவன்.

பெரியவன் திருப்பி அடிக்காததற்குக் காரணம், சண்டையில் இடுப்புத் துணி அவிழ்ந்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பெல்ட் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. துணி அவிழவில்லை.