வாய் மூடாத வரவேற்பு

"வணக்கம். வாங்க, உள்ளே வாங்க" என்று வாசல் கேட்டின் தூணிலிருந்த ஒலிபெருக்கி கனகசபையின் குரலிலேயே முழங்கியது. கேட்டருகில் ஈ காக்கை இல்லை. அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் மறுபடியும் முழங்கியது.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மணியம் எட்டிப் பார்த்தார். "ஐயோ அலமாக்! எத்தனை தடவை சார் உள்ள வர்றது? கால் வலிக்குதுலா!"

கனகசபை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரை அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவன் மகன் பிரேமகுமார். கேட்டில் ஆள் அசைந்தால் ஒரு கருவி பார்த்துவிடும். உடனே அப்பாவின் குரலில் வீடே வரவேற்கும். அவனோ இப்போது சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் அகப்பட்டிருந்தான். இன்று மகள் தர்மினியைப் பெண் பார்க்க சிகாமட்டிலிருந்து தயானந்தன் குடும்பம் வருகிறது. காலையில் கனகசபை தம் கையாலேயே கேட்டுக்கு மாவிலைத் தோரணம் கட்டினார், சரியாக அந்தக் கருவியின் கண்ணுக்கு முன்னால். காற்றில் இலை அசைந்தது. வீடு இலைகளை வரவேற்கத் தொடங்கியது.

"தோரணத்தை அவுத்துடலாம்ப்பா" என்றாள் தர்மினி.

"நல்ல காரியத்துக்குக் கட்டினதை காரியம் முடியாம அவுக்கிறதா? வாயில வரலாமா அது?"

"அப்ப ஸ்பீக்கரையாவது ஆஃப் பண்ணிடறேன்."

"எங்க வீடே உங்களைக் கூப்பிடும்னு தயானந்தன்கிட்ட சொல்லிட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

தர்மினி பட்டுச்சேலையோடு முன்வாசல் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். "ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதணும். ஒரு தடவை பேசினா, அஞ்சு நிமிஷத்துக்கு எது அசைஞ்சாலும் வாயைத் திறக்காது."

"பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல தரையில உட்கார்ந்து தட்டிக்கிட்டிருப்பியா? அவங்க வர்றதுக்குள்ள முடி. சீக்கிரம்!"

"நீங்க இப்படிக் கத்தினா எனக்குத் தப்பாத்தான் வரும்ப்பா."

ஒலிபெருக்கி இன்னொரு முறை வரவேற்றது. பிறகு ஓய்ந்தது. இலைகள் ஆடின, சத்தமில்லை. கனகசபை மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். சற்று நேரத்தில் தயானந்தனின் கார் வந்து நின்றது. தயானந்தனும் மனைவியும் மகனும் இறங்கி, கேட்டுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு காத்து நின்றார்கள்.

வீடு வாய் திறக்கவில்லை.

"ஐயோ" என்றாள் தர்மினி தாழ்ந்த குரலில். "பேசின நேரத்தை வச்சுக் கணக்கு பண்ணாம, அசைஞ்ச நேரத்தை வச்சுட்டேன். இலை அசையும்போதெல்லாம் அஞ்சு நிமிஷம் புதுசா ஆரம்பிக்குது. இது இனிமே பேசவே பேசாது."

கனகசபை கேட்டை நோக்கி நடந்தார்.

"என்ன அண்ணே, வீடு கூப்பிடும்னீங்க? ஊமையா நிக்குதே!" என்று சிரித்தார் தயானந்தன்.

அவருடைய மனைவி கம்பிகளின் வழியே பார்த்தார். "தரையில இருக்கிறதுதான் பொண்ணா? என்ன செய்யுது?"

பெண் உள்ளே அலங்காரம் செய்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லத்தான் கனகசபை எண்ணியிருந்தார். இப்போது அதற்கு வழியில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"பொண்ணுதான். வீட்டைச் சரியாப் பேச வைக்கத்தான் எழுதினா. நான் அவசரப்படுத்தி ஒரு வரி தப்பாயிடுச்சு. திருத்திக்கிட்டிருக்கா. நீங்க உள்ள வாங்க."

"சேச்சே, வீடு கூப்பிடுறதைக் கேட்டுட்டுத்தான் வருவோம்லா" என்று தயானந்தன் கைகட்டி நின்றுவிட்டார். வெயில் சுட்டது. மாப்பிள்ளைப் பையன் மட்டும் தலையை நீட்டி நீட்டி மடிக்கணினியைப் பார்த்தான்.

"முடிஞ்சுதுப்பா!" என்று தர்மினி கத்தினாள். "அங்கிள், நீங்கள்லாம் கார்கிட்ட போய்த் திரும்பி வாங்க. அப்பா, நீங்க தோரணத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இலை முந்திக்கிட்டா அஞ்சு நிமிஷத்துக்கு இவங்களுக்கு வரவேற்பு கிடைக்காது."

கனகசபை அவளை முறைத்தார். மணியம் வேலிமேல் சாய்ந்து நின்றார். காற்று மறுபடியும் எழுந்தது. வேறு வழியின்றி, கரை வேட்டியும் மேல்துண்டுமாக, சம்பந்திகள் பார்த்திருக்க, கூட்டத்தில் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் இலைகளை அணைத்துப் பிடித்தார்.

அவர்கள் திரும்பி நடந்து வந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அவர் தலைக்குமேல், அவர் குரல் கம்பீரமாக, ஒரே ஒரு முறை, வரவேற்றது.